கார் ஏசி கண்டென்சர் மாற்றம்: எதில் சிக்கனம் செய்யலாம், எதில் கூடாது

கண்டென்சர் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: கம்பெனிப் பொருளே வாங்க வேண்டுமா, மலிவாகக் கிடைப்பது போதுமா? கேள்வி நியாயமானது. ஆனால் கண்டென்சரின் விலை இந்த வேலையில் ஒரு பங்குதான். பம்பரைக் கழற்ற வேண்டும், இருக்கிற கேஸை மீட்க வேண்டும், உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுத்தெடுக்க வேண்டும் (இதுதான் வேக்யூம் போடுவது), மறுபடி கேஸ் நிரப்ப வேண்டும். பொருள் மலிவானாலும் உயர்ந்ததானாலும் இந்த வேலை மாறாது. மாட்டியது மூன்று மாதத்தில் கசிந்தால் அத்தனைக்கும் இரண்டாம் முறை கூலி கொடுக்க வேண்டும். ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரைவிட, உள்ளே இருக்கும் பொருளையும் அதை மாட்டும் முறையையும் பார்த்து முடிவெடுப்பதே நல்லது.

கண்டென்சர் என்ன செய்கிறது

கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால், மெல்லிய அலுமினியச் சட்டமாக நிற்பதுதான் கண்டென்சர். கம்ப்ரஸர் அழுத்தி அனுப்பும் சூடான கேஸ் இதன் மேற்பகுதியில் நுழைகிறது. தட்டையான குழாய்களில் ஓடும்போது, இடையில் உள்ள ஃபின்கள் வழியாக வெப்பத்தைக் காற்றுக்கு விட்டுத் திரவமாகிக் கீழே வெளியேறுகிறது. காருக்குள் கூலிங் காயில் உறிஞ்சிய வெப்பம், கம்ப்ரஸர் கேஸை அழுத்தியதில் பிறந்த வெப்பம் இரண்டும் இங்கேதான் வெளியேறியாக வேண்டும். இங்கே வெப்பம் தங்கினால் அழுத்தம் ஏறும், காருக்குள் குளிர் குறையும், கம்ப்ரஸர் திணறும்.

பெரும்பாலான புதிய கார்களில் கண்டென்சரின் ஒரு பக்கத்தில் சற்றுத் தடித்த குழாய் ஒன்று ஒட்டியிருக்கும். அது டிரையர். ஈரத்தை உறிஞ்சும் மணிகள் ஒரு பையில் அதற்குள் இருக்கின்றன. பழைய கார்களில் இது தனிக் குப்பியாக இருக்கும். இந்தக் கட்டுரையில் டிரையர் பலமுறை வரும்; பலர் மிச்சம்பிடிக்கப் பார்த்து நஷ்டப்படுவது அதில்தான்.

உண்மையிலேயே மாற்ற வேண்டுமா?

கார் ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றதும் குளிர் போய்விடுகிறது என்றால் கண்டென்சரைக் குறை சொல்லும் முன் அதன் ஃபேனைப் பாருங்கள். ஏசியைப் போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும். ஃபேன் சரியென்றால், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். சருகும் பூச்சியும் தூசியும் அங்கே மெத்தைபோல் படிந்து கிடப்பது சாதாரணம். முன்பக்கம் பளிச்சென்று இருக்கும். அடைப்பு பின்னால் இருக்கும். நிதானமான தண்ணீர் வீச்சில் கழுவினாலே தீரும் நோய் இது.

கசிவு வேறு கதை. கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்து வரும். அதில் தூசி ஒட்டிக் கறுத்த ஈரத் தடம் தெரியும். கல் அடித்த இடம், குழாய் பக்கவாட்டுத் தூணில் சேரும் மூலை, அடிப்பகுதி இந்த மூன்றையும் முதலில் தேடுங்கள். தடம் தெரியாவிட்டால் புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தைக் கேஸோடு சேர்த்துச் சில நாள் ஓட்டிப் பார்க்கலாம். இணைப்பில் உள்ள ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் மட்டும் கசிந்தால் ஓ-ரிங்கை மாற்றினால் போதும். “கேஸ் போட்டுப் பார்க்கலாம்” என்று கசிவைத் தேடாமலே நிரப்புகிறவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள்.

புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இன்ஜின் அணைந்திருக்கும்போது கேஜ் மாட்டி, அழுத்தம் நன்றாக இருக்கிறது, ஆகவே கேஸ் நிறைய இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பல கார் ஏசிகளில் இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ் 30 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ 6.7 பார் காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலே அந்த எண் வந்துவிடும். பாதி நிரம்பியிருந்தாலும் அதேதான், முழுதாக நிரம்பியிருந்தாலும் அதேதான். அழுத்தம் அதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் கேஸ் ஏறக்குறைய காலி என்று சொல்லலாம். அதற்கு மேல் அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எவ்வளவு இருக்கிறது என்பதை எடை மட்டுமே சொல்லும்.

கசிவே இல்லாவிட்டாலும் கண்டென்சரை மாற்றியாக வேண்டிய ஒரு நிலை இருக்கிறது. கம்ப்ரஸர் உள்ளே உடைந்து உலோகத் தூளைக் கக்கினால், அந்தத் தூள் முதலில் போய்ச் சேருவது கண்டென்சருக்குள்தான். இன்றைய கண்டென்சர்களின் தட்டைக் குழாய்களுக்குள் நுண்ணிய வழிகள் பல பக்கம் பக்கமாக ஓடுகின்றன. கழுவும் திரவம் திறந்திருக்கும் வழியில் போய்விடும். அடைத்த வழி அடைத்தபடியே கிடக்கும். அப்படியே புதிய கம்ப்ரஸரை மாட்டினால் தூள் அதையும் தின்றுவிடும். கண்டென்சர், டிரையர், கூலிங் காயிலுக்குள் போகும் திரவத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வ் மூன்றையும் சேர்த்து மாற்றுவதுதான் இங்கே சிக்கனம்.

மலிவா, உயர்ந்ததா?

சந்தையில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. முதலாவது, கார் நிறுவனத்தின் முத்திரையோடு வருவது. இரண்டாவது, கார் தொழிற்சாலைகளுக்குப் பொருள் கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது. டென்ஸோ, வலியோ, மாலே, ஹானன் போன்றவை இந்த வகை. நிஸ்ஸென்ஸ் போல மாற்றுப் பாகச் சந்தைக்கென்றே பொறுப்பாகச் செய்கிறவர்களையும் இதற்குப் பக்கத்தில் வைக்கலாம். மூன்றாவது, பெயரே இல்லாத அல்லது பெயர் மட்டுமே இருக்கிற மலிவுப் பெட்டி.

என் கருத்தில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது அடுக்கே சரியானது. முத்திரைக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் கூடுதல் குளிர் எதுவும் வந்துவிடாது. அதற்காக மூன்றாவது அடுக்கு முழுவதும் குப்பை என்றும் நான் சொல்லமாட்டேன். அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு, ஒரே பெயரில் இரண்டும் வருவதுமுண்டு. அதனால் கடையிலேயே பெட்டியைத் திறந்து பார்ப்பது அவசியம்.

பழைய கண்டென்சரை, அல்லது அதன் அளவுகளையும் படங்களையும், கையோடு கொண்டுபோங்கள். முதலில் தடிமனை அளக்கவும். 16 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 12 மில்லிமீட்டர் மையப்பகுதியைக் கொடுத்தால் வெளிச்சட்டம் பொருந்தும், ஆனால் வெப்பத்தை விடும் பரப்பு குறைந்துபோகும். அடுத்து தட்டைக் குழாய்களை மேலிருந்து கீழ்வரை எண்ணுங்கள். பிறகு அளவுகோல் வைத்து ஐந்து சென்டிமீட்டரில் எத்தனை ஃபின் மடிப்பு என்று இரண்டிலும் எண்ணிப் பாருங்கள். மலிவுப் பொருளில் அலுமினியத்தை மிச்சம்பிடிப்பது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான். இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தால் எடை வித்தியாசமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஆனால் பழையதற்குள் எண்ணெய் தங்கியிருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஃபின் குழாயோடு பற்றியிருக்கும் இடத்தைக் கவனியுங்கள். பற்றவைப்பு சீராக ஓடியிருக்க வேண்டும். விரல் நகத்தால் மெதுவாகத் தொட்டால் ஃபின் தளர்ந்து ஆடக் கூடாது. ஆடினால் அந்த இடத்தில் வெப்பம் குழாயிலிருந்து ஃபினுக்குப் போகாது. பார்வைக்கு ஃபின் இருக்கும், வேலைக்கு இராது. குழாய் முனைகளின் இணைப்புக் கட்டை நேராக இருக்கிறதா, ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தில் கீறல் இருக்கிறதா, போல்ட் துளையின் மரை சுத்தமாக இருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், மலிவுப் பொருளில் குளிர்ச்சிக் குறைவைவிடப் பெரிய தொல்லை இந்தப் பொருந்தாமைதான். தாங்கி அரை சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் மாட்டுகிறவர் குழாயை வளைத்து இழுத்துப் பூட்டுவார். அந்த இழுவை அதிர்வோடு சேர்ந்து ஓ-ரிங்கை ஒரு பக்கமாகத் தேய்த்துவிடும். பிறகு வரும் கசிவுக்குக் கண்டென்சர்மேல் பழி விழும்.

முனைகள் மூடியிட்டு இறுக்கமாக அடைத்திருக்கின்றனவா என்பது அடுத்த சோதனை. டிரையரோடு சேர்ந்து வரும் கண்டென்சரில் மூடி கழன்று கிடந்தால், விலை எதுவானாலும் வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் மணிகள் கடையின் அலமாரியிலேயே ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். சில நிறுவனங்கள் உள்ளே நைட்ரஜன் அடைத்து அனுப்புகின்றன. மூடியைத் தளர்த்தும்போது ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் அது நல்ல அடையாளம்.

அரிப்பைத் தடுக்கும் பூச்சு கடைசி. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளிலும் கடலோரத்திலும் அலுமினியம் வேகமாக அரிக்கும். அங்கே ஓட்டுகிறவருக்கு நல்ல பூச்சுள்ள பொருளுக்குக் கூடுதல் விலை தருவது வீண்செலவு ஆகாது. வறண்ட உள்நாட்டில் ஓட்டுகிறவருக்கு அது அவ்வளவு முக்கியமில்லை.

பழைய கார், ஓரிரு ஆண்டில் கைமாறப்போகிறது, பம்பரைக் கழற்றாமலே கண்டென்சரை எடுத்துவிடலாம், வெயில் கடுமையில்லை என்றால் சோதித்து வாங்கிய மலிவுப் பொருள் போதும். கடும் வெயிலில் நெரிசலில் நின்று நின்று ஓடும் கார், முன்பக்கம் முழுவதையும் பிரித்தால்தான் கண்டென்சர் கைக்கு வரும் கார், ஆர்-1234ஒய்எஃப் என்ற புதிய வகை கேஸ் போட்ட கார், ஹைபிரிட் அல்லது மின்சாரக் கார் என்றால் இரண்டாவது அடுக்குக்குக் கீழே இறங்காதீர்கள். மின்சாரக் கார்கள் பலவற்றில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே கண்டென்சர்தான்.

கழற்றும் முன்

ஒரு பகுதியை நீங்களே செய்யலாம். ஒரு பகுதியைச் செய்யக் கூடாது. கேஸைக் காற்றில் திறந்துவிடுவது பல நாடுகளில் சட்ட விரோதம். ஆர்-134ஏ ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில், ஏறத்தாழ 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்கும். அதனால் ஏசி பட்டறையில் மீட்பு இயந்திரத்தை மாட்டி எடுத்த பிறகே இணைப்பைத் திறக்க வேண்டும். எடுத்த எடையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; எவ்வளவு கசிந்திருக்கிறது என்பது அதில் தெரியும். முன்பு யாராவது கசிவு அடைக்கும் பசையை ஊற்றியிருந்தால் பட்டறைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அது இயந்திரத்தையே அடைத்துவிடும்.

பானெட்டின் உட்புறத்திலோ முன் சட்டத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த கேஸ், எத்தனை கிராம், எந்த எண்ணெய் என்று அதில் இருக்கும். படம் எடுத்து வையுங்கள். ஆர்-134ஏவும் ஆர்-1234ஒய்எஃப்பும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல; பின்னது இலேசாகத் தீப்பற்றும் தன்மையுள்ளது, அதன் இணைப்பு முனைகளே வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் விற்கும் புதிய கார்களில் ஆர்-134ஏவுக்கு இடமில்லை. ஆகவே காரின் வயதை வைத்து ஊகிக்காமல் ஸ்டிக்கரைப் படிப்பதே பாதுகாப்பு.

கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் பொருள். தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. முன் பம்பருக்குப் பின்னால் ஏர்பேக் சென்சர்கள் இருப்பதால் பேட்டரி இணைப்பைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்திருந்து வேலையைத் தொடங்குங்கள். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள் செல்லும் கம்ப்ரஸர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. பயிற்சியில்லாதவர் அதன் பக்கமே போகக் கூடாது.

கழற்றுவதும் மாட்டுவதும்

கேஸ் எடுத்தாகிவிட்டது என்று கேஜில் உறுதி செய்துகொண்டு கிரில், பம்பர், குறுக்குச் சட்டம் என்று காருக்குத் தக்கபடி கழற்றுங்கள். கண்டென்சரைச் சுற்றி ஸ்பாஞ்சுப் பட்டைகளும் பிளாஸ்டிக் மறைப்புகளும் இருக்கும். அவை அலங்காரத்துக்கு இல்லை. முன்னாலிருந்து வரும் காற்று ஓரமாக நழுவாமலும், ரேடியேட்டரின் சூடான காற்று திரும்பி வராமலும் தடுப்பவை. கிழியாமல் எடுத்து வைத்து மறுபடி அதே இடத்தில் மாட்ட வேண்டும்.

குழாய் இணைப்பின் போல்ட் அரித்துப் பிடித்திருந்தால் துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். பலம் காட்டினால் அலுமினிய மரை கையோடு வந்துவிடும். நட்டு வகை இணைப்பானால் இரண்டு ஸ்பேனர் வேண்டும்: ஒன்று பிடித்துக்கொள்ள, ஒன்று திருப்ப. கழன்ற உடனே குழாய் முனைகளை மூடியாலோ சுத்தமான பிளாஸ்டிக் உறையாலோ அடையுங்கள். ஏசி எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கலாம், காலப்போக்கில் அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கவும் செய்யும்.

கண்டென்சரை எடுத்தபின் ரேடியேட்டரின் முகம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். இனி எப்போது தெரியுமோ, கழுவிவிடுங்கள்.

பழையதைச் சாய்த்து, வடியும் எண்ணெயை அளவுக் குடுவையில் பிடியுங்கள். புதியதில் எவ்வளவு எண்ணெய் விட வேண்டும் என்பதைக் கார் தயாரிப்பாளரின் பழுதுநூல் சொல்லும். பல கார்களில் கண்டென்சருக்கு 30 மில்லிலிட்டர் அளவில்தான் இருக்கும். அதிகம் விட்டாலும் குளிர் குறையும். எண்ணெயின் வகை இன்னும் முக்கியம். கார் ஏசிகளில் பரவலாக உள்ள பிஏஜி என்ற செயற்கை எண்ணெயிலேயே 46, 100, 150 என்று கெட்டித்தன்மை வேறுபடும். மின்சார கம்ப்ரஸர்கள் பெரும்பாலும் பிஓஈ என்ற வேறு வகை எண்ணெயைக் கேட்கின்றன. அங்கே தவறிப்போய் பிஏஜி ஊற்றினால் மின்காப்பே கெட்டுவிடும்.

டிரையர் தனியாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள். கண்டென்சரோடு ஒட்டியிருந்தால் புதியதில் மணிப்பை இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். சில மலிவுப் பெட்டிகளில் பை இருக்காது. பழைய ஓ-ரிங்குகளைக் குப்பையில் போடுங்கள். புதியவை அதே அளவில், ஏசிக்கென்றே செய்த ரப்பரில் இருக்க வேண்டும். ரேடியேட்டர் கடையில் கிடைக்கும் சாதாரணக் கறுப்பு வளையம் ஆகாது. உரிய எண்ணெயை மேலே தடவி, முறுக்காமல் உட்கார வையுங்கள்.

கண்டென்சரை அதன் ரப்பர் தாங்கிகளில் தளர்வாக நிறுத்தி, குழாய்களைக் கையால் பொருத்திப் பாருங்கள். இழுக்காமல் பொருந்தினால்தான் சரி. பிறகு தாங்கி, அதன் பிறகே இணைப்பு போல்ட். சிறிய போல்ட்டுக்குச் சிறிய முறுக்குதான் வேண்டும்; டார்க் ரெஞ்ச் வைத்துப் பழுதுநூல் சொல்லும் அளவில் நிறுத்துங்கள். மூடிகளைக் கடைசி நிமிடத்தில்தான் கழற்ற வேண்டும். காலையில் திறந்து வைத்துவிட்டு மாலையில் மாட்டினால் புதிய டிரையரும் பழையதுதான்.

வேக்யூமும் கேஸும்

இனி மறுபடி பட்டறை வேலை. வேக்யூம் பம்ப் காற்றை மட்டும் எடுப்பதில்லை. உள்ளிருக்கும் ஈரத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக வெளியே எடுக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் கொதிக்க, அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தில் முப்பதில் ஒரு பங்குக்கு இறங்க வேண்டும். அதற்கு நல்ல பம்பும் நேரமும் தேவை. ஐந்து நிமிடம் போட்டுவிட்டு “இழுத்தாயிற்று” என்றால் நம்ப வேண்டாம். குறைந்தது அரை மணி நேரம், நெடுநாள் திறந்து கிடந்த அமைப்பானால் அதற்கும் மேல். பிறகு பம்பை நிறுத்தி வால்வை மூடிக் காத்திருந்து, முள் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

முள் அசையாவிட்டாலும் கசிவே இல்லை என்று அர்த்தமில்லை. வேக்யூமில் வெளிக்காற்று உள்ளே தள்ளுவது ஒரு பார் அளவுதான். ஓடும்போது உள்ளிருந்து வெளியே தள்ளுவது அதைப்போல் பல மடங்கு. வேக்யூமுக்கு முன் உலர்ந்த நைட்ரஜனை 10 பார் அளவில் அடைத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கும் பட்டறை கிடைத்தால் அங்கேயே போங்கள். மலிவுக் கண்டென்சர் போடுகிறவர்களுக்கு இந்தச் சோதனையை நான் கட்டாயம் என்றே சொல்வேன். நைட்ரஜன் இல்லையென்று கம்ப்ரஸர் காற்றை அடைத்தால் ஈரம் உள்ளே போகும். ஆக்சிஜனை அடைத்தால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.

கேஸை ஸ்டிக்கரில் உள்ள எடைக்கு, தராசு வைத்து நிரப்ப வேண்டும். கேஜின் முள்ளையும் கையில் படும் குளிரையும் பார்த்து நிரப்புவது பழைய பழக்கம். இன்றைய சிறிய அமைப்புகளில் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும். இன்ஜின் ஓடும்போது உயர் அழுத்தப் பக்கத்து வால்வை ஒருபோதும் திறக்கக் கூடாது. அழுத்தம் திரும்பிப் பாய்ந்து கேஸ் குப்பியே வெடிக்கலாம்.

முடிந்த பிறகு பார்ப்பது

ஏசியை முழு அளவில் வைத்து, கதவைத் திறந்தபடி, இன்ஜினை நிமிடத்துக்கு 1,500 சுழற்சியில் சிறிது நேரம் ஓடவிடுங்கள். ஆர்-134ஏ காரில், வெளியே 30 டிகிரி இருக்கும்போது தாழ் அழுத்தப் பக்கம் ஏறத்தாழ 2 முதல் 3.5 பார், உயர் அழுத்தப் பக்கம் 12 முதல் 17 பார் என்ற எல்லைக்குள் வந்தால் கவலையில்லை. உங்கள் காரின் பழுதுநூல் வேறு எண் சொன்னால் அதுவே கணக்கு. உயர்பக்கம் ஏறிக்கொண்டே போனால் ஃபேன், கூடுதல் கேஸ், உள்ளே தங்கிய காற்று, விட்டுப்போன ஸ்பாஞ்சுப் பட்டை ஆகியவற்றைச் சோதியுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏறினால் கண்டென்சர் தன் வேலைக்குச் சிறியது என்று பொருள். அப்போது ரசீதோடு கடைக்குப் போகலாம். டிரையர் மாற்றியதற்கும் வேக்யூம் போட்டதற்கும் பட்டறை ரசீது இருந்தால் வாரண்டிப் பேச்சு சுலபமாக முடியும். இல்லாவிட்டால் பழி உங்கள்மேல் திரும்பும்.

இரண்டு வாரம் கழித்து ஒருமுறை இணைப்புகளில் எண்ணெய் ஈரம் தெரிகிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். கார் கழுவுமிடத்தில் உயர் அழுத்தக் குழாயைக் கிரில்லுக்குள் நீட்ட விடாதீர்கள். ஃபின் மடிந்தால் காற்று நுழைய வழியிருக்காது. சில ஃபின்கள் மட்டும் மடிந்திருந்தால் ஃபின் சீப்பு வைத்து நிமிர்த்திவிடலாம்.